முதல் பந்தி

கரையான்சாவடி மெயின் ரோட்டில் கடை மூடும்போது வாசலில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊர் உலகத்தில் விடிந்ததும் வாசல் தெளிப்பது வழக்கம். லட்சுமி வருவாள் என்பார்கள். எங்கள் ரோட்டில் ஷட்டரை இறக்கி, பூட்டை இழுத்துப் பார்த்து, படிக்கட்டில் ஒரு பக்கெட் தண்ணீரை விசிறிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். சுத்தத்துக்காக என்று நினைக்கிறவர்கள் நல்லவர்கள். ஈரத்தில் யாரும் படுக்க முடியாது. அதற்காகத்தான் அந்தத் தண்ணீர்.

தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று மெக்கானிக் ஷெட்காரர் பழைய இன்ஜின் ஆயிலுக்கு மாறினார். செருப்புக் கடைக்காரர் படியில் இரும்புக் கம்பிகளைக் கூராக நட்டுவைத்தார். அதில் அவருடைய பேத்தியே தடுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். குழந்தைக்குக் கட்டுப் போட்டார்கள், கம்பியை எடுக்கவில்லை.

அதே ரோட்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். லேமினேஷன், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து ஆவடிக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அங்கே கேட்டில் காவல் நிற்கும். வெளியே யார் எங்கே படுக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. கடை வைத்த பிறகுதான் மனிதர்களை விரட்டுவதற்கு இத்தனை வழி இருக்கிறது என்று பார்த்தேன். 

என் கடைக்கு அடுத்தது ஒரு பர்னிச்சர் கடை. அண்ணன் தம்பி வழக்கில் மாட்டி வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. வழக்காடுகிறவர்களுக்கு வாசலில் தண்ணீர் ஊற்ற எங்கே நேரம்? அதனால் அந்தச் சுவரோரம் மட்டும் காய்ந்து கிடக்கும். அங்கே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். எதிர்ப்பக்க சூப்பர் மார்க்கெட்டில் விழுகிற காலி அட்டைப்பெட்டிகளை அவள் மடித்துக் கட்டிப் பழைய பேப்பர் கடையில் போடுவாள். அவருக்கு டி.பி. குடியிருந்த வாடகை வீட்டில் அவர் இருமலைக் கேட்டு ஹவுஸ் ஓனர் காலி செய்யச் சொல்லிவிட்டார். நோய் என்று தெரிந்ததும் வீடு போயிற்று, வீடு போனதும் ரோட்டுக்கு வந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் கதை.

பூந்தமல்லி அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை. நடுவில் விட்டால் நோய் திரும்பி வரும், வரும்போது பழைய மாத்திரைக்குப் பணியாது என்று ஸ்கூட்டியில் வரும் சுகாதாரப் பணியாளர் பெண் என் கடை வாசலில் நின்று அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுவாள். முதல் மழையில் மாத்திரை அட்டைகள் நனைந்துவிட்டன. அடுத்த முறை வாங்கி வந்ததும் அவருடைய பெண்டாட்டி நேராக என்னிடம் வந்தாள்.

"ஜெராக்ஸ்க்கா, இத்த உன் கடைல வச்சிகிறியா? எங்களாண்ட வச்சா நனைஞ்சி பூடுது."

லேமினேஷன் ஷீட் வைக்கும் டிராயரில் இடம் ஒதுக்கினேன். காலையில் கடை திறந்ததும் முதல் போணி அவருடைய மாத்திரைதான். அவர் விழுங்குகிற வரைக்கும் அவள் நகரமாட்டாள். வாயைத் திறந்து காட்டச் சொல்லுவாள். "இன்னாடி, நான் கொயந்தையா?" என்று அவர் கோபித்துக்கொண்டே நாக்கை நீட்டுவார். மாத்திரை சாப்பிட வேண்டிய மாதங்களில் பாதியைத் தாண்டியிருந்தார்கள். இருமல் குறைந்து, அவர் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரோட்டில் திருட்டு தலைதூக்கியது. ஷேர் ஆட்டோக்களின் பேட்டரி காணாமல் போனது. மாங்காடு போகிற ரோட்டில் ஒரு டீச்சரின் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் செல்போன் கடையின் பின்பக்கக் கூரை ஷீட்டைக் கழற்றி உள்ளே இறங்கி, இருந்த போன்களை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். செல்போன் கடை சூப்பர் மார்க்கெட் அண்ணாச்சியுடைய மச்சினனுடையது. அண்ணாச்சி வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர். டீச்சருடைய சங்கிலிக்குக் கூடாத கூட்டம் மச்சினனுடைய போனுக்கு மறுநாளே கூடியது.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். பாதாம் பால் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பிளாட்பாரத்துல பட்துகினு கீறவனுங்கதான் நோட்டம் பாத்து சொல்றது. மொதல்ல அவனுங்கள கிளியர் பண்ணுங்க. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

எலும்பும் தோலுமாக இருமிக்கொண்டு படுத்திருக்கிறவர் கூரை மேல் ஏறி ஷீட் கழற்றினாரா என்று கேட்டேன்.

"ஏறணும்னு இன்னா மேடம் கீது? ஏறறவனுக்கு சொன்னா போதாதா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், நானே போன் எடுத்தது போல ஒரு சந்தேகம் இருந்தது. அதற்கு மேல் யாரும் திருடனைப் பற்றிப் பேசவில்லை. சுவரோரத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

அண்ணாச்சிக்குத் தோன்றியது ஒரு யோசனை. மூத்திரம் போகிற சுவரில் சாமி டைல்ஸ் ஒட்டுவது நம் ஊரில் எல்லாரும் செய்கிற வைத்தியம். பிள்ளையாரைப் பார்த்தால் எவனும் வேட்டியைத் தூக்கமாட்டான். அதே வைத்தியத்தைப் படுக்கிறவர்களுக்கும் பார்க்கலாம் என்றார். சாமிக்குக் காலை நீட்டிக்கொண்டு எவன் படுப்பான்?

"மூணு மதத்துக்கும் ஒண்ணு ஒண்ணு ஒட்டிருவோம். ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க. மாதா டைல்ஸ் மட்டும் நீங்க வாங்கிருங்க சிஸ்டர்."

நாங்கள் மாதா படம் வைக்கிற சபை இல்லை. சர்ச்சில் வெறும் சிலுவைதான். இதை அண்ணாச்சிக்கு விளக்குவதற்குள் அவர் "அதெல்லாம் ஒண்ணுதான் சிஸ்டர்" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நான் வாங்கிக் கொடுக்கவில்லை. அவர்களே வாங்கி ஒட்டினார்கள்.

பிறகு நடந்தது சங்கத்தில் யாரும் எதிர்பாராதது. சாமி வந்ததில் அந்த இரண்டு பேருக்கும் பரம சந்தோஷம். காலை நீட்டக் கூடாது, அவ்வளவுதானே? தலையைச் சுவர்ப் பக்கம் மாற்றி வைத்துப் படுத்துக்கொண்டார்கள். அவள் தினமும் அந்த இடத்தைப் பெருக்கினாள். பூக்காரம்மாவிடம் மிஞ்சிய சாமந்தியை வாங்கி மூன்று டைல்ஸுக்கும் பாரபட்சம் இல்லாமல் வைத்தாள். அவர் குளித்து விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தார். ஷேர் ஆட்டோக்காரர்கள் முதல் சவாரிக்கு முன் நிறுத்தி சூடம் கொளுத்தினார்கள். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாமிக்குப் பக்கத்தில் இருக்கிறவர் என்று அவருக்குத் தயிர்சாதமோ வாழைப்பழமோ கொடுத்துவிட்டுப் போனார்கள். கோயில் வாசலில் ஏழை உட்கார்ந்திருந்தால் நம் ஜனங்களுக்கு அது வழக்கம். கடை வாசலில் உட்கார்ந்தால் குற்றம். விரட்டுவதற்கு வைத்த சாமி அவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. ஒரு நாள் மாத்திரை வாங்க வந்தவள் எதிர்க் கடையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணாச்சி ரொம்ப நல்லவருக்கா. நாங்க தனியா கீறோம்னு தொணைக்கி சாமி வச்சிகீறாரு பாரு."

சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. டிராயரைத் திறந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணாச்சி விடுகிற ஆள் இல்லை. டைல்ஸ் போதாது, சின்னதாகக் கோயிலே கட்டி, கிரில் கேட் போட்டுப் பூட்டிவிட்டால் கேள்வி இருக்காது என்று முடிவு செய்தார். வழக்கில் கிடக்கும் இடத்தின் முன்னால், நடைபாதையில், கோயில்! யார் கேட்பார்கள்? கொத்தனார் வருகிற அன்று மத்தியானம் போலீஸ் வண்டியும் வந்தது. ஏட்டும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். செல்போன் கடைத் திருட்டில் விசாரணை என்றார்கள். அவருடைய கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அவள் அட்டைக்கட்டை விடாமல் கூடவே ஏறினாள். நான் கடையில் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"சார், அவருக்கு மாத்திரை இருக்கு, என்கிட்டதான் இருக்கு, ஒரு நிமிஷம் நில்லுங்க."

"எல்லாம் காப்பகத்துல குடுப்பாங்க மேடம். நீங்க போய் உங்க யாவாரத்த பாருங்க."

"எந்தக் காப்பகம்?"

"ரோட்ல பட்துகினு கீறவன்லாம் உங்களுக்கு சொந்தமா?"

நான் டிராயரைத் திறந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் வண்டி சிக்னலைத் தாண்டிவிட்டது. கொத்தனார் அந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எதிரே அண்ணாச்சி ஒரு பாட்டிக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார், எதுவும் நடக்காதது போல. த்தூ என்று துப்பத் தோன்றியது. என் வாசலாயிற்றே என்று விழுங்கினேன்.

கொஞ்ச நாளில் திருடனும் அகப்பட்டான். பேக்கரிக்காரருடைய கேமராவில் முகம் தெளிவாக இருந்தது. செல்போன் கடையிலேயே வேலை பார்த்துவிட்டு நின்றவன், மச்சினனுடைய சொந்தக்காரன். குடும்ப மானம் என்று ஸ்டேஷனிலேயே பேசி முடித்தார்கள். போன்கள் திரும்பி வந்தன. யாரை அதற்காகத் தூக்கிக்கொண்டு போனார்களோ அவர்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சங்கத்தில் நான் கேட்டேன். "அது வேற மேட்டர் சிஸ்டர்" என்றார் அண்ணாச்சி.

சுகாதாரப் பணியாளர் பெண் வந்தாள். அவர்கள் இருந்த இடத்தில் சிமெண்ட் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, மேற்பார்வை செய்துகொண்டு நின்ற அண்ணாச்சியிடமே விசாரித்தாள்.

"அப்படி யாரும் இங்க இருந்ததில்லையேம்மா" என்றார் அவர். கண் இமைக்கவில்லை.

"இருந்தாங்க. உங்க கடை அட்டைப்பெட்டியைத்தான் தினம் பொறுக்குனாங்க" என்று நான் என் வாசலிலிருந்து கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டு கொத்தனாரிடம் திரும்பிவிட்டார். அந்தப் பெண் எனக்குத் தன் போன் நம்பரைக் கொடுத்து, எங்கே கண்டாலும் உடனே கூப்பிடச் சொன்னாள். எனக்குத் தெரிந்த காப்பகங்களுக்கு எல்லாம் போன் செய்தேன். எங்கும் அவர்கள் இல்லை. பட்டாபிராம் ஸ்டேஷனில் பார்த்ததாக ஒரு ஆட்டோக்காரர் சொன்னார், போய்ப் பார்த்தேன், வேறு யாரோ. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் மாத்திரைகள் அப்படியே இருந்தன. எனக்கு அந்த டிராயரைத் திறக்கவே பிடிக்காமல் போயிற்று.

கோயில் முடிந்தது. ரோட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு வாட்ச்மேனையும் போட்டார்கள். கும்பாபிஷேகம் என்றார்கள். அண்ணாச்சி தடபுடலாக ஏற்பாடு செய்தார். அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு, அதில் பாசாங்கு இல்லை: அன்னதானத்தில் முதல் பந்தி இல்லாதப்பட்டவர்களுக்குப் போடணும், அவர்கள் வயிறு நிறைந்த பிறகுதான் மற்றவர்கள் இலையில் உட்காரணும். அவர் ஊரில் அப்படித்தானாம். சாப்பாடு தயார், இலை தயார். முதல் பந்திக்கு ஆள் இல்லை. எங்கே இருப்பார்கள்? தண்ணீர் ஊற்றி, ஆயில் ஊற்றி, கம்பி நட்டு, வண்டியில் ஏற்றி, ரோட்டைத் துடைத்து வைத்திருந்தார்களே.

இலை போட்டுக் காத்திருந்தார்கள். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க ஏட்டுக்குப் போன் போட்டார். என் கடை வாசலில் நின்றுதான் பேசினார், என் காதில் தெளிவாக விழுந்தது.

"ஏட்டய்யா, ஒரு உதவி. எங்கயாவது ஏழை பாழைங்க இருந்தா ஒரு வண்டி ஏத்தி விடுங்களேன். சாப்புட்டதும் திரும்பக் கொண்டு விட்டுரலாம்."

அதே வண்டிதான் வந்தது. அதே ஏட்டுதான் இறங்கினார். நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். பின்கதவைத் திறந்தார்கள். கிழவர்கள், ஒரு கால் இல்லாதவர், மனநிலை சரியில்லாத ஒரு பெண் என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக இறங்கியது அவள். அதே நீலச் சேலை. என்னைப் பார்த்ததும் இலைப் பக்கம் போகாமல் ஓடி வந்தாள்.

"ஜெராக்ஸ்க்கா, மாத்தர கீதா?"

டிராயரிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தேன். எங்கே போனீர்கள் என்று கேட்டேன். ஸ்ரீபெரும்புதூருக்கும் அந்தாண்டை இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். அவரால் நடக்க முடியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து, அவுட்டர் ரிங் ரோடு பாலத்துக்கு அடிவரைக்கும்தான் வர முடிந்ததாம். அங்கே அவரை விட்டுவிட்டு அவள் மட்டும் ஒரு நாள் என் கடைக்கு வந்திருக்கிறாள். கடை பூட்டியிருந்தது. வாட்ச்மேன் கம்பை ஓங்கிக்கொண்டு வந்தானாம்.

"ஞாயித்துக்கெயமைன்னு தெர்லக்கா. எங்களுக்கு கெயமை எங்க தெரியுது?"

நான் அன்று சர்ச்சில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்திருப்பேன்.

"அவர் எங்க?"

"பாலத்தாண்ட தான் கீறாரு. எய்ந்துக்க முடிலன்னு என்ன மட்டும் வண்டில ஏத்திகினாங்க. ரத்தமா துப்புறாரு."

உடனே சுகாதாரப் பணியாளருக்குப் போன் போட்டேன். பழைய மாத்திரையைக் கொடுக்காதீர்கள், மறுபடி டெஸ்ட் எடுத்து முதலிலிருந்துதான் ஆரம்பிக்கணும், நான் ஆம்புலன்ஸோடு பாலத்துக்கு வருகிறேன், இடம் காட்ட அந்த அம்மாவை உடனே அனுப்புங்கள் என்றாள். நான் இவளை என் ஸ்கூட்டரில் ஏற்றப் போனேன். ஏட்டு குறுக்கே வந்தார். ஏற்றி வந்த ஆளை எண்ணித் திரும்பக் கொண்டுபோய் விடணும் என்றார். அண்ணாச்சி கரண்டியோடு ஓடி வந்தார்.

"சிஸ்டர், முதல் பந்தி. உக்காந்தவங்க எந்திரிக்கப்படாது, ஒரு எலை காலியா இருக்கப்படாது. கும்பாபிஷேகமே வீணாப் போயிரும். ஒரு பத்து நிமிஷம், சாப்புட்டுப் போகட்டும்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. மைக் செட்டில் பக்திப் பாட்டு போய்க்கொண்டிருந்தது, யார் காதிலும் விழவில்லை. அவள்தான் என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். "வுடுக்கா, சாமி சோறு. அவுருக்கும் கொஞ்சம் எத்துகினு போறேன்" என்று போய் உட்கார்ந்தாள். எந்தச் சுவரோரம் படுத்திருந்தாளோ அதே சுவரோரம். ஒரு வாய் வைத்தாள், பிறகு பார்சல் கேட்டாள். பரிமாறுகிறவர் முதல் பந்தியில் பார்சல் கிடையாது என்றார். போட்டோ எடுப்பதற்காக எல்லாரையும் நிமிர்ந்து பார்க்கச் சொன்னார்கள். அண்ணாச்சி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, குனிந்து, தன் கையாலேயே அவள் இலையில் பாயசம் ஊற்றினார்.

"எந்த ஊரும்மா நீ?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இந்த ஊருதான் அண்ணாச்சி."

"இங்க எங்க?"

அவள் பக்கத்துத் தரையைக் கையால் தட்டினாள். "இங்கதான்."

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாம்மா, அவன் சந்நிதிதான் எல்லாருக்கும் வீடு" என்று சொல்லி, இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

பந்தி முடிந்து பாலத்துக்குப் போய், அவள் புருஷனை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதலிலிருந்து மாத்திரை ஆரம்பித்தார்கள். நாலைந்து நாள் அவள் அவர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவர் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்து நான் கடை திறந்த அன்று அண்ணாச்சி வந்தார். கையில் பெரிய போட்டோ. கோயிலில் மாட்டுவதற்கு லேமினேஷன் போட வேண்டுமாம். அவர் குனிந்து பாயசம் ஊற்றுகிறார். அவள் தரையில் கை வைத்திருக்கிறாள்.

"இந்த அம்மா முகத்தைப் பாருங்க சிஸ்டர், என்ன ஒரு திருப்தி! அன்னதானம்னா சும்மாவா?"

"இவங்க வீட்டுக்காரர் இறந்துட்டார் அண்ணாச்சி."

"அடப் பாவமே" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். போட்டோவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? எந்த ஊரு?"

போட்டோவை அவர் பக்கமே தள்ளினேன். மிஷின் ரிப்பேர் என்றேன். மிஷின் என் பக்கத்தில் பச்சை விளக்கு எரிய சூடாகத்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் போட்டோவைச் சுருட்டிக்கொண்டு பூந்தமல்லிக் கடைக்குப் போனார்.